இறால் பாட்டுக்குச் சொந்தக்காரர்

லா பெனித்தா, மே 17, 1998

என் நண்டுக்குட்டி,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் கொண்டுவரும் ஹசிந்தோவின் படகு துறைக்கு வரும்போதெல்லாம் நான் போய் நிற்கிறேன். இன்ஜினை அணைப்பதற்கு முன்பே அவன், "எதெல்வினா அக்கா, இன்னிக்கும் கைய வீசிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்!" என்று கத்துகிறான். துணி துவைக்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். குயிட்டோவில் காகிதத்துக்குப் பஞ்சமா?

ஆறு இன்னும் இறங்கவில்லை. இந்த வருஷத்து மழை யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. வீட்டுக் கால்களை நனைத்து, சமையலறைப் பலகை வரை தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கோழிகளை மேலே ஏற்றி என்னோடு படுக்க வைத்தேன். சிப்பி எடுக்கப் போவதை மட்டும் விடவில்லை. சதுப்பில் முழங்கால் வரை புதைந்து நிற்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அங்கே யாரும் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை. வீட்டில் அப்பாவின் துடுப்பு மூலையில் சாத்தியபடியே இருக்கிறது. அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி அப்பா போய் வருஷம் திரும்புகிறது. பாடுகிற பெண்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கென்று உன் ஞானத்தாய் பெர்ஃபெக்தா ஒரு பன்றி வளர்க்கிறாள். அது அவள் நாய்க்குட்டியைவிட மெலிந்திருக்கிறது, தேறுமா தெரியவில்லை. ஜெபம் முடிந்ததும் அவர் பெயரை வாய் நிறையச் சொல்லலாம். அதுவரை வெறும் "அவர்" தான். சில நாள் நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது. விழுங்கிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாயே, அப்பாவின் இறால் பாட்டைக் கல்லூரிக் கட்டுரையின் முதலில் வைக்கப் போகிறேன் என்று. துக்க வருஷத்தில் அவர் பாட்டை யாரும் பாடக் கூடாது. ஆனால் காகிதம் வாய் இல்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். வைத்தாயா? சிரித்தார்களா? எலுமிச்சை வரும் இடத்தில் சிரிக்காதவன் மனுஷனே இல்லை என்பார் அவர்.

எழுது.

உன் அம்மா,
எதெல்வினா

எழுத்து கோணலாக இருக்கிறது, தெரியும். நாற்பது வயதில் எழுதக் கற்றவளின் கை. சிப்பி தோண்டித் தோண்டி விரலும் மடங்க மாட்டேன் என்கிறது.


குயிட்டோ, ஜூன் 1, 1998

அம்மா,

யாரும் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

என் கட்டுரை எதைப் பற்றி என்று உனக்குச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? சதுப்பு மரங்களை வெட்டி இறால் பண்ணை போடுகிறவர்களுக்கு எதிராக ஆற்றுக்காரர்கள் தலைநகருக்கு எழுதிய மனுக்கள். அதன் தொடக்கத்தில், நீ சொல்கிற மாதிரி வாய் திறக்காமல், அப்பாவின் நாலு அடியை வைத்தேன்:

ஆற்று இறால் ஒன்று மனு எழுதி
ஆளுநர் வீட்டுக்குப் போனதாம்;
ஏறிப் போன கூடையிலே
எலுமிச்சையும் கூட ஏறிச்சாம்.

பேராசிரியை வலாரெசோ என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். லாஸோ என்று ஒருவர் வடக்கு ஆறுகளின் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். அதில் இந்த நாலு அடியும் அப்படியே இருந்தது. கீழே, "பெயர் அறியப்படாதவர்" என்று போட்டிருந்தது.

"எங்கேர்ந்து எடுத்தே?" என்றார்.

"எங்கேர்ந்தும் எடுக்கல. எங்க வீட்டுப் பாட்டு."

"மாட்டிக்கிட்ட எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, நெர்சி."

உனக்குச் சொல்ல வேண்டும். இங்கே கட்டுரை எழுதினால் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட வேண்டும். யாருடைய சொல்லை எடுத்தோமோ அவர் பெயர், வருஷம், புத்தகம், அச்சான ஊர். படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய்ப் பார்க்கலாம். என் பட்டியலில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. லாஸோவின் புத்தகம் இல்லை. நான் அதைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அவர்கள் கண்ணுக்கு, புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு மறைத்தவள் நான்.

"உங்கப்பா பாட்டுன்னா அவர் பேரை ஏன் போடல?" என்று கேட்டார். "வருஷம் திரும்பல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எழுத உட்கார்ந்தபோது என் கை அந்தப் பெயருக்குப் போகவே இல்லை, அம்மா. அது எழுதக் கூடிய பெயர் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை பதினைந்தில் விசாரணைக் குழு கூடுகிறது. திருட்டு என்று முடிவானால் உதவித்தொகையும் விடுதி அறையும் போய்விடும். நீ போர்போனுக்குப் போய், ஊர் அதிகாரி முன்னால், இந்தப் பாட்டைக் கட்டியவர் இன்னார் என்று அப்பா பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சீக்கிரம்.

நெர்சி


லா பெனித்தா, ஜூன் 12, 1998

நெர்சி,

உப்பு தீர்ந்துவிட்டது, அனுப்பு என்று கேட்பது போலக் கேட்டுவிட்டாய்.

பெயர் அறியப்படாதவராம். இந்த ஆற்றில் மேலிருந்து கீழ் வரை எந்த வீட்டு நாயைக் கேட்டாலும் சொல்லும். புத்தகம் போட்டவன் யாரையும் கேட்கவில்லையா? பெர்ஃபெக்தாவிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அடியே, அவங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு போடட்டும். அறியப்படாதவர்னு ஊரு மேல எதுக்குப் பழி போடறாங்க?" என்றாள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். அடுத்தவர் பாட்டைப் பாட வாயைத் திறந்தால் முதலில் இது இன்னார் பாட்டு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் பாடினால், "கோழித் திருடி!" என்று கூட்டமே கத்தும். எட்டு வயதில் நீ ஒருமுறை சொல்லாமல் பாடி, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாய். பேரைச் சொல்லக் கூடாத வருஷத்தில் பாட்டையும் சொல்ல முடியாது. ஆளோடு சேர்ந்து பாட்டும் துக்கம் காக்கும். காகிதம் வாய் இல்லை என்று நினைத்து இருவருமே ஏமாந்துவிட்டோம்.

ஆனால் ஞானஸ்நானப் பேரை இப்போது சொல்லச் சொல்லாதே. போகிறவர் தன் பேரைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தால் வழி மறந்துபோகும். அவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். வெள்ளத்தில் போனவர். ஏற்கெனவே வழி தெரியாமல்தான் போயிருக்கிறார். மூன்று வளைவு தள்ளிக் கண்டெடுத்தோம். இன்னும் ஒருமுறை அவரை அலைய விட நான் தயாராக இல்லை. செப்டம்பர் வரை பொறுக்கச் சொல். பொறுத்தால் மலையா சரிந்துவிடும்?

அந்த மெஷின்காரனைக் கேட்கட்டுமே. அவனிடம் உன் அப்பா பேர் சொல்லாமலா பாடியிருப்பார்? அவர் பேர் சொல்லாமல் பாடி நான் பார்த்ததே இல்லை.

அம்மா


குயிட்டோ, ஜூன் 22, 1998

அம்மா,

செப்டம்பர் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். பேராசிரியை சிரிக்கவில்லை, அதற்காக நீ அவரைத் திட்டக் கூடாது. "உங்க வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனா தேதி என் கையில இல்ல" என்றார்.

இனி உன்னைக் கேட்க மாட்டேன். அப்பாவை அலைய விட்டுத்தான் நான் இங்கே இருக்க வேண்டும் என்றால் எனக்கும் வேண்டாம். அனுப்பிவிட்டால் வருகிறேன். உன்னோடு சதுப்புக்கு வருகிறேன். சிப்பி எடுக்க எனக்கு இன்னும் மறந்துவிடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ கையெழுத்துப் போட்டாலும் அப்பா பெயர் அந்தக் கடைசிப் பட்டியலில் வராது. வாயால் சொன்னதைக் கட்டுரைக்குள்ளே ஒரு அடைப்புக்குறியில் போடலாம், அவ்வளவுதான். பட்டியலில் வர வேண்டும் என்றால் படிக்கிறவர் போய் எடுத்துப் பார்க்க ஏதாவது ஒன்று எங்கேயாவது இருக்க வேண்டும். புத்தகமோ, பத்திரிகையோ, ஒலிநாடாவோ. அப்பாவைத் தேடிப் போக முடியாதே. விதி சரிதான். ஆனால் சரியாக இருப்பதே வலிக்கிறது.

நீ போகிற போக்கில் மெஷின்காரன் என்று எழுதியிருக்கிறாயே. எந்த மெஷின்? யார் வந்தது? எப்போது? இதை மட்டும் எழுது.

நெர்சி


லா பெனித்தா, ஜூலை 4, 1998

என் நண்டுக்குட்டி,

இந்தக் கடிதத்துக்குள் முத்திரை வைத்த காகிதம் ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வை. பிறகு படி.

உன் கடிதம் வந்த அன்று சதுப்புக்குப் போனேன். நீ அங்கே என் பக்கத்தில் கூடையோடு நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கூட ஒரு ஆள் இருந்தால் யாருக்குத்தான் நன்றாக இருக்காது? ஆனால் எல்லோரும் உன்னைப் பார்த்து, திருடி என்று அனுப்பிவிட்டார்கள் என்று பேசுவார்கள். பேசாதவர்களும் நினைப்பார்கள். உன் அப்பா வழியை மறந்தாலும் மறப்பார், மகளைக் கோழித் திருடி என்று சொல்ல விடமாட்டார். அதை நினைத்தபோது எனக்குச் சதுப்பிலேயே கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் பெர்ஃபெக்தாவைக் கூட்டிக்கொண்டு ஹசிந்தோ படகில் போர்போன் போனேன். ஒரு தந்திரம் வைத்திருந்தேன். பேரைக் காகிதத்தில் எழுதி மடித்து எடுத்துப் போனேன். காகிதம் வாய் இல்லை அல்லவா? அதிகாரி தோன் எவரிஸ்தோ டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, "பாட்டுக் கட்டினவர் பேரு?" என்றார். நீட்டினேன்.

"இது செல்லாதும்மா. சாட்சி வாயால சொல்லணும், காதால கேட்டேன்னு நான் கீழ எழுதணும். சட்டம்."

"எங்க ஆத்துச் சட்டம் வேற மாதிரி சொல்லுதுங்க."

"உங்க ஆத்துச் சட்டத்துக்கு முத்திரை இருக்கா? எங்கிட்ட இருக்கு, பாருங்க."

வாயைத் திறந்தேன். மூடினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன், "புருஷன் பேரே மறந்துபோச்சு போல" என்றான். பெர்ஃபெக்தா அவன் பக்கம் திரும்பி, "உன் பொண்டாட்டிக்கு மறந்திருந்தா அவ பண்ணின புண்ணியம்டா!" என்று ஒரு போடு போட்டாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கி, "சொல்லித் தொலைடி! திரும்பி வந்தா வரட்டும். வந்து அந்த வாழைத் தாரையாவது வெட்டிப் போடட்டும்!" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

சொன்னேன். தெமெத்ரியோ அயோவி.

ஒன்பது மாதமாக வாயில் வைத்திருந்த கல்லைத் துப்பிய மாதிரி இருந்தது. வாய் லேசாகிவிட்டது, அது பிடிக்கவில்லை எனக்கு. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது, அது ஹசிந்தோவோடது. தோன் எவரிஸ்தோ தட்டெழுதுவதை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கு அவரைத் தெரியும்மா. என் கல்யாணத்துல பாடினார்" என்றார். தெரிந்தால் முதலிலேயே தட்டியிருக்கக் கூடாதா? கேட்டேன். "சட்டம்" என்றார் மறுபடியும்.

மெஷின்காரன் கதை இதுதான். உனக்கு ஆறு வயது இருக்கும்போது குயிட்டோவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரர் வந்தார், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு. கழுத்தில் பெட்டி மாதிரி ஒரு மெஷின். நம் வீட்டில்தான் சாப்பிட்டார், மீனும் வாழைக்காயும் போட்ட குழம்பு, இரண்டு தட்டு. உன் அப்பா ஒரு மத்தியானம் முழுவதும் அந்த மெஷினுக்குப் பாடினார். பேர் லாஸோவா கீஸோவா, எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

காகிதம் சீக்கிரம் வர வேண்டும் என்று ஹசிந்தோ பஸ் டிரைவர் கையிலேயே கொடுக்கிறேன் என்கிறான்.

அம்மா


குயிட்டோ, ஜூலை 21, 1998

அம்மா, அம்மா,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முடிவிலிருந்து தொடங்குகிறேன். நான் திருடி இல்லை. அறை இருக்கிறது. கட்டுரையை மட்டும் திருத்தி எழுத வேண்டும், அதுவும் நான் கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

உன் காகிதம் பதிமூன்றாம் தேதி வந்தது. அதையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியையிடம் ஓடினேன். மெஷின் வந்த இடத்தைப் படித்ததும் அவர் எழுந்துவிட்டார். லாஸோ இறந்து நாலு வருஷம் ஆகிறதாம். அவருடைய ஒலிநாடாக்களை எல்லாம் குடும்பத்தார் ஒரு நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். "வா, போகலாம்" என்று அவரே காரை எடுத்தார்.

நிலவறையில் அட்டைப் பெட்டிகள். நம் ஆற்றின் பெயர் போட்டு ஒரு பெட்டி, 1983. இரண்டாவது நாடாவில் அப்பா.

அம்மா, அவர் குரல் எவ்வளவு இளசாக இருக்கிறது தெரியுமா? இருமல்கூட இல்லை. முதலில் தொண்டையைக் கனைக்கிறார். பிறகு சொல்கிறார், நான் அப்படியே எழுதி எடுத்தேன்:

"நான் தெமெத்ரியோ அயோவி. லா பெனித்தாக்காரன். இந்த இறால் என் வாயில பொறந்தது. என்கிட்டேர்ந்து வாங்கிப் பாடறவன் என் பேரைச் சொல்லிட்டுப் பாடணும். சொல்லாதவன் கோழித் திருடன். சரி, சார், மெஷின் ஓடுதா?"

புத்தகத்துக்காக நாடாவைக் கேட்டு எழுதியது லாஸோ இல்லை, அவரிடம் வேலை பார்த்த யாரோ. பாட்டு தொடங்கும் இடத்திலிருந்துதான் எழுதியிருக்கிறார். முன்னால் இருப்பது வெறும் பேச்சு என்று விட்டுவிட்டார். அந்தப் பேச்சுக்குள்தான் பெயர் இருந்தது.

பேராசிரியை ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்தப் பாட்டை நாலு வருஷமா வகுப்புல சொல்லிக் குடுத்திட்டிருக்கேன், பேர் தெரியாதவர்னு. அப்போ நானும் கோழித் திருடிதான், இல்ல?" என்றார். நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

குழுவில் அந்த நாடாவைப் போட்டுக் காட்டினோம். எலுமிச்சை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சொன்னது சரி.

ஆனால் அந்த இடத்தில் அவர் தடுமாறுகிறார், அம்மா. "ஏறிப் போன கூடையிலே" என்று சொல்லிவிட்டு நிற்கிறார். பின்னால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "எலுமிச்சையும் கூட ஏறிச்சாம்" என்று எடுத்துக் கொடுக்கிறது. அப்பா, "பாத்தீங்களா சார், பாட்டு எனக்கு, ஞாபகம் இவளுக்கு" என்கிறார். ஒரு குழந்தை தேங்காய் கேட்டு அழுகிறது. அது நான்தானே?

இதோ என் புதிய பட்டியலின் முதல் வரி. கையால் எழுதி அனுப்புகிறேன்:

அயோவி, தெமெத்ரியோ (1983). ஆற்று இறாலின் மனு [ஒலிநாடா]. பதிவு: லாஸோ. லா பெனித்தா.

குடும்பப் பெயர் எழுத்து வரிசையில் வர வேண்டும் என்பது விதி. அ முதல் எழுத்து. அதனால் அப்பாதான் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார், பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால். உன்னையும் போட வேண்டும் என்று கேட்டேன். உன் கடிதம் நூலகத்தில் இல்லை, யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் கட்டுரைக்குள்ளே மட்டும், அடைப்புக்குறியில், உன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு: எ. கொரோசோ, கடிதம், ஜூலை 4, 1998.

நாடாவைப் பிரதி எடுத்துவிட்டேன். தபாலில் அனுப்பவில்லை. வருஷம் திரும்புவதற்கு முன் நீ கேட்க விரும்புவாயா என்று தெரியவில்லை. செப்டம்பர் எட்டுக்கு நானே கொண்டுவருகிறேன்.

உன் நெர்சி


லா பெனித்தா, ஆகஸ்ட் 2, 1998

என் நண்டுக்குட்டி,

உன் கடிதத்தைத் துறையிலேயே பிரித்துவிட்டேன். வீடு வரை நடக்கப் பொறுமை இல்லை. ஹசிந்தோ, "சத்தமாப் படிக்கா, தூக்கிட்டு வந்தவனுக்கும் பங்கு உண்டு" என்றான். படித்தேன். அப்பா பேசிய இடம் வந்ததும் பேரை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டேன், ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது போலத்தான் இருந்தது. கோழித் திருடன் என்ற இடத்தில் துவைக்கிற கல்லில் அடித்துச் சிரித்தார்கள். பெர்ஃபெக்தா சிரித்து முடித்து அழுதாள். பிறகு பன்றிக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அது இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது.

அந்தப் பெண் குரல் நான்தான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலைத்தான் நீ கேட்டு அழுதாய். அந்த அடியில் அவருக்கு எப்போதும் தடுக்கும். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் தடுக்கும். வேண்டுமென்றே தடுக்கிறாரோ, என் வாயால் கேட்கத்தான் நிற்கிறாரோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். கேட்டதில்லை.

உங்கள் விதி எனக்குப் பிடித்திருக்கிறது, தலைகீழாக இருந்தாலும். உயிரோடிருக்கிற நான் பட்டியலில் இல்லை. போனவர் முதல் ஆளாக நிற்கிறார். இருக்கட்டும். எனக்கு அடைப்புக்குறி போதும், அது கோழிக் கூடு மாதிரி இருக்கிறது, வெதுவெதுப்பாக. என்னைத் தேடுகிறவர் ஹசிந்தோ படகில் ஏறினால் போதும். உன் அப்பாவுக்குத்தான் பட்டியல் வேண்டும்.

நீ எழுதி அனுப்பிய வரியைத் துடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் குத்தி வைத்திருக்கிறேன். துடுப்பை எடுத்து எண்ணெய் தடவினேன். செப்டம்பருக்கு நீ வரும்போது போர்போன் துறைக்கு நானே துடுப்புப் போட்டு வருகிறேன், ஹசிந்தோவுக்குக் காசு வேண்டாம். நாடாவைத் துணியில் சுற்றி எடுத்து வா, மழை இன்னும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் நடு வீட்டில் வைத்துப் போடுவோம். இந்த ஆறு முழுக்க வரும்.

அதுவரை ஒன்று மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. போர்போனில் அவர் பேரைச் சொன்னது நான். அவர் திரும்பிப் பார்த்திருந்தால் அது என்னால், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த நாடாவில் அவர் பேரை அவரே சொல்கிறார். யார் பொத்தானை அழுத்தினாலும் சொல்வார். கூப்பிடுவதும் அவர், கேட்பதும் அவர் என்றால், நண்டுக்குட்டி, அவர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்? நம் பக்கமா, போகிற வழிப் பக்கமா?